அடுத்த வீட்டு மாமரத்தின் மேல் நான் கொடுத்த மனு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்தது. வழுதலங்காய், வெண்டை, பந்தலில் பயறு. எல்லாம் இலையாகவே நின்றன, காய் என்று ஒன்றைக் காணோம். காரணம் அடுத்த வீட்டு மாமரம். வேலிக்கு அந்தப் பக்கம் கிழக்கே நின்றுகொண்டு பதினோரு மணி வரை வெயிலை விடாது. காலையில் எழுந்து அதைப் பார்த்து வயிறெரிவதே எனக்கு வேலையாகிவிட்டது.

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும்தான். கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். "தங்கச்சி, ரெண்டு கொம்பு வெட்டித் தரணும்" என்று அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே ஆள் விட்டு வெட்டியிருப்பார். கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பெரிய கௌரவம்! நேரே பஞ்சாயத்துக்குப் போனேன். அங்கே மனு எழுதிக் கொடுப்பவர் சிரித்தார்.

"வெயில் மறைக்குதுண்ணு எழுதினா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான் சாறே. வீட்டுக்கு மேல விழும்ணு எழுதணும்."

எழுதினேன். அடிமரம் உளுத்துப்போயிற்று, காற்றடித்தால் எங்கள் படுக்கையறை மேல் விழும், உயிருக்கு ஆபத்து. அத்தனையும் பச்சைப் பொய். மரம் கல்லு போல நின்றது.

மூன்றாவது வாரம் அந்த அம்மாள் ஒரு காகிதத்தோடு வந்தார். தமிழ்நாட்டில் விளவங்கோடு பக்கமிருந்து கேரளத்தில் எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவர். மலையாளம் சரளமாகப் பேசுவார், வாசிக்க மட்டும் தெரியாது. கரண்ட் பில்லோ காரக்கோணம் ஆஸ்பத்திரிச் சீட்டோ, நான்தான் படித்துச் சொல்வேன்.

"இதென்ன எழுத்துண்ணு பாருங்க அண்ணா."

மரத்தை வெட்டச் சொல்லி நோட்டீஸ். மனுதாரர் என்று என் பெயர். அதை விழுங்கிவிட்டு மீதியைப் படித்தேன். உளுத்த அடிமரம், பக்கத்து வீட்டுப் படுக்கையறை, உயிர் ஆபத்து, எல்லாம் என்னுடைய சொற்கள்தான். என் வாயாலேயே அவருக்குச் சொன்னேன்.

அவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அவருக்குண்ணு வச்சிருந்த மரமாக்கும்" என்றார்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. நாங்கள் சபைக்காரர்கள், கல்லறைத் தோட்டத்தில் புதைப்பவர்கள். அவர்கள் வீட்டில் ஆள் போனால் வீட்டைச் சுற்றிய சொந்த விளையில் நிற்கும் மாமரத்தை வெட்டித்தான் சிதை அடுக்குவார்கள். முப்பது வருடம் பக்கத்தில் இருந்தும் மனு எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை. சே, என்ன மனுஷன் நான்! இப்போதாவது சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது.

"அது போட்டும் அண்ணா. போறவருக்கு எந்த விறகானா என்ன? உயிரோட உள்ளவங்க தலையில விழாம இருந்தா போரும். நீங்க எத்தன நாள் பயந்து கெடந்தியளோ, எனக்குத் தோணாமப் போச்சே. மன்னிக்கணும்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பம் என்னைக்கு வெட்டுவிய?" என்று கேட்டேன்.