பாதியில் மூடிய காதல் நாவல்

"அக்கா, இந்த நாவல் எனக்கு ஒத்து வரல" என்று புத்தகத்தை என் டைனிங் டேபிளில் வைத்தாள் கீதா. போன ஞாயிற்றுக்கிழமை.

கீதா, மதுரை செல்லூரில் எங்கள் பக்கத்து வீடு. கணக்கு டீச்சர். நாற்பதைத் தொட்டுவிட்டாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊர் டி. கல்லுப்பட்டி. அங்கே செந்தில் என்பவரோடு நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து குடும்பமே மதுரைக்கு வந்துவிட்டது.

அந்த செந்தில், மனைவியை இழந்து இப்போது தனியாள். கல்லுப்பட்டியிலேயே உரக்கடை வைத்திருக்கிறார். சமீபத்தில் ஒரு உறவினர் மூலம் கேட்டு அனுப்பினார் — கீதாவுக்கு இப்போது சம்மதமா?

நான் சும்மா இருப்பேனா? சின்ன ஊர், பிரிந்த ஜோடி, இரண்டாவது வாய்ப்பு... இவளுக்காகவே எழுதினாற்போல ஒரு நாவல் என் அலமாரியில் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

நல்ல நாவல்தான். மழை உண்டு, ரயில்வே ஸ்டேஷன் உண்டு. ஹீரோ நனைந்தபடி வந்து நிற்பான், ஹீரோயின் உருகிவிடுவாள். நான் அழுதேன், பொய் சொல்வானேன்?

கீதாவுக்கோ எரிச்சல். "அவன் ஏன் விட்டுட்டுப் போனான்னு அவ கேக்கவே இல்லக்கா. இன்னும் எம்புட்டு நேரம் பொறுக்குறது?"

புத்தகத்தை மூடிவிட்டு, முந்தின நாள் சனிக்கிழமையே கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறியிருக்கிறாள். நேரே உரக்கடை. மூட்டைகளுக்கு நடுவே நின்று, அந்த ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கதைகளில் இந்த இடத்தில்தானே மர்மம் உடையும்? யாரோ சதி செய்திருப்பார்கள்... ஹீரோ நிரபராதி ஆகிவிடுவான்.

செந்தில் சொன்னது இவ்வளவுதான்: "பெரியப்பா வேணாம்னாரு. எதுத்துப் பேச பயந்துட்டேன். தப்பு என் மேலதான்."

இதையே வந்து தன் அப்பாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு, கீதா அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

புதன்கிழமை அவர் கீதா வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன் — காபி போட ஆள் வேண்டாமா! ஹாலில் நின்றபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதையே சொன்னார். கீதாவின் அப்பா தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னைக்கே இத வந்து சொல்லியிருந்தா, நாங்க ஊர விட்டு வந்திருக்க மாட்டோம் தம்பி."

செந்திலுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்கும் அப்புறம்தான் மூச்சு வந்தது.

இந்த மாதிரி நாவல் எங்களுக்கு ஒத்து வருமா என்று இந்தப் பத்தியின் வாசகிகள் சிலர் கேட்பதுண்டு. மனசில் கேட்காத கேள்வி எதுவும் இல்லாதவர்கள் தாராளமாகப் படிக்கலாம், சுகமாகப் போகும். இருப்பவர்களுக்கு எங்கேயாவது உறுத்தும். உறுத்தினால் எழுதியவரைத் திட்டாதீர்கள். யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் போய்க் கேளுங்கள்.

கீதாவுக்குத் தை மாதம் கல்யாணம். அவரை மன்னித்துவிட்டாயா என்று நேற்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அது வரும்போது வரட்டும்க்கா. இப்போதைக்கு நம்புறேன்."