இரண்டு நாள் தூரத்தை அரை நாளில் முடித்தவர்

என் அக்காள் புருஷன் அந்தோணிமுத்துவுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். பூசை எட்டரைக்கு என்றால் ஏழரைக்கே கோயில் வாசலில் நின்றுகொண்டு, வீட்டிலிருக்கும் என் அக்காள் ரோசரிக்கு போன் அடிப்பார். நான் லாரி ஓட்டுகிறவன். என்னையே வேகமாகப் போகச் சொல்லும் ஒரே ஆள் அவர்தான்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பதினாறு வயதில், இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட இறங்கியவர். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அதற்குள் தன் நிரையில் உள்ள மரங்களை எல்லாம் வெட்டியாக வேண்டும். தோட்டம் கைமாறிய பிறகு ஜெலாப்பாங் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம், பெரும்பாலும் இரவு ஷிப்ட். அக்காளுக்குப் பகலில் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். இப்படியே ஒரு வீட்டில் இருந்து ஒரு பிள்ளையையும் வளர்த்து ஆளாக்கிவிட்டார்கள்.

அவர் வேலையிலிருந்து நின்றதும்தான் வினை ஆரம்பித்தது. விடியுமுன் எழுந்து வீட்டு வேலை அத்தனையையும் ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, அக்காள் ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று பின்னாலேயே நடப்பார். ஆறு மாதம் பொறுத்தாள். பிறகு ஜொகூரிலிருக்கும் மகள் ட்ரேசியிடம், நான் அங்கேயே வந்து இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். ட்ரேசி அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாள். ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு ஏற்பாடு செய்தாள். பேராக் ஆற்றோரமாக மூன்று நாள் சைக்கிள் பயணம். கோலகங்சாரில் வாடகைச் சைக்கிள், கையில் ஒரு வரைபடம், மானோங், பாரிட், போத்தா என்று ராத்திரிக்கு ஓர் ஊரில் தங்க ஹோம்ஸ்டே. வழிகாட்டி யாரும் கிடையாது, அவசரமும் கிடையாது.

அக்காள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "இந்த மூணு நாளும் பார்க்கிறேன். என் பக்கத்துல உங்களால இருக்க முடியலன்னா நான் ட்ரேசிகிட்ட போயிடுறேன்."

"நான் எங்க போயிடப் போறேன்?" என்றார் மச்சான்.

அவர்களை என் காரில் கோலகங்சாரில் விட்டது நான்தான். எட்டு மணிக்குத் திறக்கும் சைக்கிள் கடைக்கு ஆறரைக்கே போய்ச் சேர்ந்தோம்.

பன்னிரண்டு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது எனக்கு போன் வந்தது.

"லயனல், பாரிட் வந்துட்டேன் லா. ரெண்டு நாள் தூரம் முடிஞ்சிருச்சு. இங்க ஹோம்ஸ்டே நடத்துற மலாய்க்கார மக்சிக் என்னடான்னா, நாளைக்குத்தான் உங்களுக்கு ரூம்னு சொல்றாங்க."

குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா எங்க?"

"பின்னால வர்றா."

"எவ்வளவு பின்னால?"

அவர் மறுபடியும் ரூம் கதையையே ஆரம்பித்தார்.

"மச்சான், ராத்திரி தங்க வேண்டிய ஊரு மானோங். அங்க நீங்க நிக்கவே இல்லையா?"

"அங்க வர்றப்ப மணி ஒன்பதரைதான் ஆச்சு. அந்நேரத்துக்குப் போயி சும்மா எப்படி உக்கார்றது?"

"உங்கள யாரு வெரட்டுறா? அங்க கங்காணி நிக்கிறானா? அக்கா என்ன சொல்லுச்சுன்னு மறந்துட்டீங்களா?" வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு போனை வைத்தேன். ஒரு அக்காள்தான் எனக்கு. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டால்?

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் தன் நிரையை முதலில் முடித்துவிட்டால் பெண்சாதியின் நிரைக்குப் போய் அடுத்த முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வருவான். இருவரும் நடுவில் சந்திப்பார்கள். கல்யாணமான புதிதில் அக்காளும் அங்கே பால்மரம் வெட்டினாள், இவரும் அப்படித்தான் அவளுக்குக் கைகொடுத்தார். அன்றைக்கும் அவருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. உச்சி வெயிலில் சைக்கிளைத் திருப்பினார்.

வழி நெடுகத் தேடியும் அக்காள் எதிரே வரவில்லை. மானோங்கை நெருங்கியபோது, ஆற்றங்கரை மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு லங்சாட் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே ஹோம்ஸ்டேயில் பையை வைத்துவிட்டு, நன்றாகச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருந்தாள்.

"ஒன் நிரையில பாதிய முடிச்சுக் குடுக்கலாம்னு வந்தேன்," என்றார் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டே.

அக்காள் சிரிக்கவில்லை. "இதுல முடிக்க ஒண்ணுமில்லங்க. நாளைக்கு நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க."

மறுநாள் அப்படியே போனார்கள். முதல் அரை மணி நேரம் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போயிற்றாம். அதன் பிறகுதான் மச்சான் கவனித்திருக்கிறார். அக்காளின் இடதுகால் மட்டும்தான் மிதித்தது. வலதுகால் பெடலில் சும்மா ஏறி இறங்கியது. சின்ன மேடு வந்தாலும் இறங்கித் தள்ளினாள். தள்ளும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

"கால்ல என்ன?"

"முட்டி தேஞ்சிருச்சு. சைக்கிள் மிதிச்சா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. ட்ரேசிக்குத் தெரியும்."

"எத்தன நாளா?"

"நாலு வருஷமா."

"எனக்கு ஏன் தெரியல?"

"நீங்க எப்பவும் முன்னாலயே நடந்தீங்க," என்றாள் அக்காள். கோபமாகச் சொல்லவில்லையாம். அதுதான் மச்சானுக்குத் தாங்கவில்லை. பாரிட் போய்ச் சேரும்வரை வெட்கம் பிடுங்கித் தின்றது என்று அவரே என்னிடம் சொன்னார். பதினொரு மணிக்கு வந்துசேர வேண்டியவர்கள் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்தார்கள். நான்கு இடத்திலும் உட்காரலாம் என்று சொன்னது மச்சான்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், போத்தாவில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது ட்ரேசி போன் செய்தாள். ரூம் ரெடி, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள்.

மச்சான் அவள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்டதும் அவர் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"வர்றோம்மா," என்றாள் அக்காள். "இன்னொரு தலையணையும் எடுத்து வை. ரெண்டு பேரும் ஒரு வாரம் இருந்துட்டு வீட்டுக்குத் திரும்பிடுவோம்."