காலை ஆறரை மாத்திரை

அக்காவின் எலும்பைக் காப்பாற்றும் பொறுப்பை நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கிறாள். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபது வருடமாக நின்றே வேலை பார்ப்பவள். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதில் எலும்பு சீக்கிரமே தேய்ந்துபோனது. ஐம்பத்தைந்தில் அதைச் சோதித்த டாக்டர், “கீழ விழுந்துடாமப் பாத்துக்கோங்க” என்று சொல்லி கால்சியம் எழுதினார்.

எந்த மாத்திரை என்பதிலேயே ஒரு மாதம் போனது. முதலில் வாங்கியது தொண்டையில் நின்றது. “ஏட்டி, இது மாட்டுக்குப் போடுற மாத்திரைட்டி” என்றாள். சப்பிச் சாப்பிடுவதை வாங்கிக் கொடுத்தேன், சுண்ணாம்பைத் தின்கிற மாதிரி இருக்கிறதாம். மறுபடி டாக்டரிடம் கேட்டு, வைட்டமின் டி சேர்ந்த, கொஞ்சம் சின்ன மாத்திரையாகத் தேடிப் பிடித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான்.

அதையும் அவள் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது, அலமாரியில் ஆறு அட்டை பிரிக்காமல் கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மதியம் போன் போட்டு நினைவுபடுத்தவும் வழியில்லை. எங்கள் மில் வாசலிலேயே செல்போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். எனக்கு வாய்த்தது காலை ஆறரை, மில் வேன் வருகிற வரைக்கும்தான். அந்த நேரத்தில் வெறும் வயிற்றில் அவளுக்குத் தைராய்டு மாத்திரை ஒன்று ஏற்கெனவே உண்டு.

“அதோட சேத்து இதையும் போட்டுத் தொலை. நான் போன்ல கேட்டுக்கிட்டே இருப்பேன்” என்றேன்.

இரண்டு வருடம் ஒரு நாளும் தவறவில்லை. “பிதா சுதன்” என்று சிலுவை போட்டுக்கொள்வாள், மடக்கென்று தண்ணீர் இறங்கும், “போட்டாச்சுட்டி” என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் வேனில் ஏறுவேன். வேனில் இருக்கிற பெண்களிடம் பெருமை வேறு பேசினேன்.

இதற்கிடையில் அவள் முகம் உப்பியது. கால் கல்லாகக் கனக்கிறது என்றாள். தைராய்டு கட்டுப்படவில்லை என்று டாக்டர் இரண்டு முறை அளவைக் கூட்டினார். ஒழுங்காக நடப்பதில்லை, அதுதான் என்று நான் அவளைத்தான் திட்டினேன். போன மார்கழியில் துணி காயப் போடும்போது கால் தடுமாறி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், மாத்திரைகளை எப்படிப் போடுகிறாள் என்று டாக்டர் கேட்டார்.

“காலைல ரெண்டையும் ஒண்ணாப் போட்டுருவா சார்” என்றேன், நல்ல பிள்ளையாக.

“ஒண்ணாவா? கால்சியம், தைராய்டு மாத்திரையைச் சரியா வேலை செய்ய விடாதும்மா. நாலு மணி நேரமாவது தள்ளிப் போடணும். யார் இப்படிச் சொன்னது?”

நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து குரல் வந்தது. “யாரும் சொல்லல சார். நாந்தான் சோம்பல்பட்டுச் சேத்துப் போட்டேன்.”

நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அட்டைகளைப் பைக்குள் அடுக்கினேன். அவள் அதனால்தான் விழுந்தாள் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். கோவிலில் முழந்தாளிட முடியாது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு வாரம் நான் காலையில் கூப்பிடவில்லை. எட்டாம் நாள் ஆறரைக்கு அவளே கூப்பிட்டாள்.

“ஏன்டி போனே போடல? எல்லா அட்டையும் கையில வச்சிருக்கேன். எதைப் போடணும்னு நீ சொல்லு, போடுதேன்.”

“ஒரு வாரமா என்னக்கா செஞ்ச?”

“நீ சொல்லலையே, நான் ஒண்ணும் போடல.”