அப்பாவுக்கு வந்த முதலியார் பட்டம்

எங்கள் பூட்டனாருக்கு, இலங்கையை ஆண்ட வெள்ளைக்காரத் தேசாதிபதி கொடுத்த முதலியார் பட்டம், சட்டப்படி அவரோடு முடிந்திருக்க வேண்டியது. எங்கள் ஊர் அதை விடவில்லை. அவருக்குப் பின் மூத்த மகன், அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன் என்று வாயாலேயே கொடுத்து வந்தது. கடைசியில் அது பெரியப்பாவிடம் இருந்தது. மீன் வாங்கச் சைக்கிளில் போகிறவரையும் ஊரவர் முதலியார் என்றுதான் மறித்துப் பேசுவார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பா இளையவர் என்பதால் வெறும் பள்ளிக்கூட மாஸ்டர்.

ஜெர்மனியில் ஹனோவருக்கு அகதிகளாக வந்ததும் அப்பா புதுக் கதை ஒன்று தொடங்கினார். இங்கிலாந்தின் பழைய அரச வம்சம் இந்த ஊரிலிருந்துதான் போனதாம். ஆகவே எங்களுக்குப் பட்டம் தந்ததே இந்த ஊர்க்காரர்தானாம்.

"அதுக்காக விசா தருவினமோ?" என்று அம்மா வெங்காயம் வெட்டியபடி கேட்பார்.

"கேட்டுப் பாப்பம். பழைய பழக்கம்தானே" என்பார் அப்பா.

பெரியப்பாவை ராணுவம் பிடித்துப் போனதாகச் செய்தி வந்ததும் அந்தக் கதை நின்றுபோனது. எந்த முகாம், உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்புவார். எனக்கு அப்போது எட்டு வயது. என் மனக்குறையெல்லாம் எங்கள் அப்பா ஏன் முதலியார் இல்லை என்பதுதான்.

ஒரு காலை, அகதி விடுதியின் பொதுச் சமையலறையில் அப்பா தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் அண்ணை ஒருவர் வந்தார். கொழும்பிலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்திருந்தது. எப்போதும் தோளில் தட்டிப் பகிடி விடுகிறவர், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முதலியார், ஒருக்கா வெளியில வாங்கோ. கதைக்கோணும்."

அப்பா கேத்தலைக் கீழே வைத்தார்.

"என்னை அப்பிடிக் கூப்பிடாதேங்கோ" என்றார்.

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கென்றால் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. எங்கட அப்பா முதலியார் ஆகிட்டார் என்று விடுதியில் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னேன். தமிழ்ச் சனம் ஒவ்வொருவராக எங்கள் அறைக்கு வந்து பேசாமல் இருந்தார்கள். புதுப் பட்டத்துக்கு மரியாதை செய்ய வருகிறார்கள் என்று நினைத்து நானே கதிரைகளை இழுத்துப் போட்டேன். அம்மா அழுததைக்கூடப் பெருமையில் அழுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் செத்தால்தான் தம்பி முதலியார் ஆகலாம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது.