அறுபத்தொரு வரிகளும் ஒரு பிக்கப் வண்டியும்

அந்த நாளின் டயரிப் பக்கத்தில் மேலே இரண்டு வரிகள் இருக்கின்றன. ‘ஆம்பிளிஃபயர்: 230 வோல்ற், 180 வற். வண்டி: 115 வோல்ற், 400 வற்.’ அதற்குக் கீழே, காலைச் சாப்பாட்டின்போது என் மனைவி சொன்னதை எழுதியிருக்கிறேன்: ‘இண்டைக்கு வாசிக்காட்டி இனி ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.’

போர் முடிந்துவிட்டதாக நாங்கள் விட்டுவந்த நாட்டில் அறிவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதுவரை ரொறன்ரோ நகர மையத்தில் வெயிலிலும் மழையிலும் போரை நிறுத்தச் சொல்லி வீதியோரம் நின்ற சனம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. பெரிய ஒலிபெருக்கி வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் மனைவியிடம் ஒரு கொப்பி இருந்தது. தொடர்பு அறுந்துபோனவர்களின் விபரங்களை, அங்கே நின்ற குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தாள்: பெயர், வயது, ஊர், கடைசியாகத் தொலைபேசியில் பேசிய நாள். மொத்தம் அறுபத்தொரு வரிகள். அறுபத்தொன்றாவது அவளுடைய தம்பி. மற்றவர்களின் ஆட்களை முதலில் வாசிக்கவேண்டும் என்று தன்னுடையவனைக் கடைசியில் போட்டிருந்தாள். அவனைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

எங்கள் ஒலிபெருக்கி ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து வந்தது. மனைவியின் அக்காவும் அத்தானும் ஜேர்மனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு இங்கே குடிபெயர்ந்தவர்கள். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களுக்குப் பாவித்த ஆம்பிளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் விட்டுவர மனமில்லாமல் கப்பலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஜெனரேற்றர் வைக்கக்கூடாது என்று பொலிஸ் முன்பே சொல்லியிருந்தது. அதனால் என்னுடைய பிக்கப் வண்டி. அமெரிக்க வண்டி, முன் இருக்கைகளுக்கு நடுவே, வீட்டுச் சுவரில் இருப்பதைப் போலவே ஒரு பிளக் துளை உண்டு. இயந்திரம் ஓடினால்தான் அதில் மின்சாரம் வரும்.

இந்த நாட்டு மின்சாரம் ஐரோப்பிய மின்சாரத்தில் பாதி. இது எங்கள் சமையலறைகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சென்னையில் வாங்கிவந்த மிக்சி எங்கள் வீட்டில் வோல்ற்றை இரட்டிப்பாக்கும் ஒரு ட்ரான்ஸ்ஃபோமரின் தயவில்தான் சுற்றுகிறது. காலையில் அதைக் கழற்றி வண்டியில் ஏற்றினேன். ஒன்பது கிலோ. மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அத்தான் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“உந்த இரும்புக் குண்டை ஏன் தம்பி காவுறீர்? மிக்சியும் ஆர்ப்பாட்டத்துக்கு வருதோ?”

“இது இல்லாட்டி உங்கட பெட்டி கதைக்காது அண்ணை.”

“நான் பிளக் மாத்தி வைச்சிருக்கிறன். பாரும், கச்சிதமாய்ப் பூரும்.”

கச்சிதமாகத்தான் புகுந்தது. மாலையில் நகர மையத்தில் நான் வண்டியை ஒரு பக்க வீதியில் நிறுத்தி, இறங்கிச் சுற்றி வருவதற்குள் செருகிவிட்டார். அவர் வாங்கி வைத்திருந்த குட்டி அடப்ரர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், வோல்ற்றை மாற்றாது. ஆம்பிளிஃபயரின் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. சத்தம் இல்லை.

“செத்துப்போச்சு,” என்றார் அத்தான். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

“சாகேல்லை. பட்டினி கிடக்குது.”

ட்ரான்ஸ்ஃபோமரை இணைத்தேன். வண்டியின் மின்சாரம் அந்தக் கணமே நின்றது. இந்த மாதிரிக் கனத்த ட்ரான்ஸ்ஃபோமர் விழிக்கும்போது ஒரு பெரிய மிடறு குடிக்கும். வீட்டுச் சுவர் அதைத் தாங்கும், வண்டி தாங்காது. முதலில் வண்டியின் மின் பொத்தானை அணைத்து, ட்ரான்ஸ்ஃபோமரைச் செருகி, பிறகு பொத்தானைப் போட்டு, பத்து எண்ணி, கடைசியில் ஆம்பிளிஃபயரைப் போடவேண்டும். இந்த ஒழுங்கைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து முயற்சிகள் தேவைப்பட்டன.

“இஞ்ச அறுபது ஹேர்ட்ஸாம், அங்க ஐம்பதாம். வெடிக்காதோ?” அத்தான் இரண்டடி தள்ளி நின்று கேட்டார்.

“மணிக்கூடெண்டால் கெதியாய் ஓடும். இதுக்குக் கவலையில்லை.”

சரியாக 5:31க்கு ஸ்பீக்கர்கள் உறுமின. அந்த உறுமல் கடைசிவரை போகவில்லை. ஆனால் அதற்கு மேலாக என் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது. பொலிஸ் தந்த நேரம் ஆறு மணிவரை.

முதல் வரியை அவள் வாசிக்கத் தொடங்குமுன் தெரிந்த ஒருவர் கிட்ட வந்து, “அக்கா, எல்லாம் முடிஞ்சுது. இனி ஆருக்கு வாசிக்கிறியள்?” என்றார். கெட்ட மனிதர் அல்ல. களைத்துப்போயிருந்தார்.

“முடிஞ்சுதெண்டு சொன்னவை இந்த அறுபத்தொரு பேரும் எங்கையெண்டும் சொல்லட்டும். அதுக்குப் பிறகு நான் நிப்பாட்டுறன்.”

மைக் ஏற்கெனவே திறந்திருந்தது. அந்த வாக்கியமும் வீதி முழுக்கப் போனது. கலைந்துகொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை வாசித்தாள். முப்பத்தெட்டாவது வரியில் குரல் அறுந்தது. 5:47. ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மனைவியின் அக்கா முழிபிதுங்க உட்கார்ந்திருந்தார். ட்ரான்ஸ்ஃபோமரின் இரண்டாவது துளையில் ஜேர்மனியிலிருந்து வந்த மின்கேத்தல். இரண்டாயிரம் வற்; வண்டி தாங்குவது நானூறு.

“சனம் விறைச்சுப்போய் நிக்குது. கரண்ட் சும்மா ஓடுது, ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுப்பமெண்டு பாத்தன்.”

“ஏனப்பா, அரிசியும் கொண்டுவந்திருந்தா சோறும் வடிச்சிருக்கலாமே!” என்று அத்தான் பாய்ந்தார்.

“பெட்டியைப் பட்டினி போட்டவர் கதைக்கிறார்,” என்றார் அக்கா.

பிழை என்னுடையது. இரண்டாவது துளையை நான் மூடி வைத்திருக்கவேண்டும். ஆர்ப்பாட்டத்தில் நிற்பவருக்கும் தேநீர் கொடுக்காமல் இருக்க எங்கள் பெண்களுக்கு இயலாது என்பது எனக்குத் தெரிந்திருந்தும் மூடவில்லை. டயரியில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

கேத்தலைப் பிடுங்கி, பொத்தான், பத்து எண்ணிக்கை, ஆம்பிளிஃபயர் என்ற ஒழுங்கில் மறுபடி உயிர் வரும்போது 5:54. முப்பத்தெட்டிலிருந்து தொடர்ந்தால் ஏறக்குறைய ஆறு மணிக்கு முடித்துவிடலாம். அங்கிருந்தே தொடரும்படி கண்ணாடி வழியாகச் சைகை காட்டினேன். அவள் கொப்பியைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனாள்.

“பாதியில விட்டதெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது,” என்றாள் மைக்கிலேயே. முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

ஆறு மணிக்கு அவள் பதினைந்தாவது வரியில் இருந்தாள். சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பொலிஸ் அலுவலர் என் கண்ணாடியைத் தட்டினார். நான் ஓட்டுநர் இருக்கையில், இருக்கைப் பட்டி போட்டு, இரண்டு கைகளும் சுக்கானில். நேரம் முடிந்துவிட்டது என்றார். நின்ற வண்டியில் இயந்திரத்தை ஓடவிடுவது நகரச் சட்டப்படி குற்றம், நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் அவள் குரல் போகும், ஆகவே நிறுத்த முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியானால் தண்டச்சீட்டு எழுதுவேன் என்றார்.

இந்த நாட்டில் இருபத்தொரு வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். அதுவரை ஒரு சீட்டும் வாங்கியதில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து நீட்டி, “எழுதுங்கள்” என்றேன்.

வண்டியின் முன்மூடியில் புத்தகத்தை வைத்து எழுதினார். மிக மெதுவாக எழுதினார். வேண்டுமென்றே மெதுவாக எழுதினாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் டயரியில் எழுதுவதில்லை. இடையில் ஒருமுறை பேனையை நிறுத்தி அவள் வாசித்ததைக் கேட்டார். பதினொரு வயதுப் பிள்ளையின் வரி அது.

அவர் சீட்டைக் கிழித்து என்னிடம் தந்தபோது அவள் ஐம்பத்தெட்டில் இருந்தாள். அலுவலர் போகவில்லை. பக்கத்திலேயே நின்றார். நானும் சாவியைத் தொடவில்லை.

தம்பியின் வரியை, மற்ற அறுபதையும் வாசித்த அதே குரலில் வாசித்தாள். பெயர், வயது, ஊர், கடைசியாகப் பேசிய நாள். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. கொப்பியை மூடிக்கொண்டு வண்டிக்கு வந்தாள்.

“இப்ப நிப்பாட்டுங்கோ.”

6:20க்குச் சாவியைத் திருப்பினேன். அக்கா இதற்குள் பக்கத்துக் கடையில் சுடுதண்ணீர் வாங்கி ஃபிளாஸ்க்கில் போட்டு வைத்திருந்த தேநீரை ஊற்றி முதல் கோப்பையை அந்த அலுவலரிடம் நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். அக்கா கையை மடக்கவில்லை. அலுவலர் வாங்கிக் குடித்தார்.

தண்டச்சீட்டு டயரியின் அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. அதன் ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரே ஒரு குறிப்பு: 61/61.