மதுரை ட்ரிப்ஸுக்கு விருதுநகர் ஸ்கேன்

ஸ்கேன் எடுக்கிற எங்க தொழிலில் வியாதியை முதலில் பார்க்கிறதும் நாங்கதான், வாயைத் திறக்கக் கூடாதவங்களும் நாங்கதான். ரிசல்ட் வரும்வரை பெஞ்சில் நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களே, உங்களுக்கு அது ஒரு நாள் அவஸ்தை. எனக்கு அன்றாடம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், மறதி நோய்க்குப் புதுசா ஒரு மருந்தைச் சோதனையாக மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் ட்ரிப்ஸில் ஏற்றினாங்க. மூளையில் படிஞ்ச அழுக்கை அது சுரண்டி எடுக்குமாம். சுரண்டுற இடம் வீங்கினாலோ ரத்தம் கசிஞ்சாலோ உயிருக்கே ஆபத்து. அதனால அடுத்த ட்ரிப்ஸுக்கு முன்னாடி தலையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாகணும். எம். புதுப்பட்டி ஊர்க்காரர் பொன்னுச்சாமிக்கு அந்த ஸ்கேன் எங்க சென்டரில். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். பெண்டாட்டி முத்தம்மாளையே "யாரு இவ?"ன்னு கேட்கிற நிலைமை.

வாசல் சோதனை

உள்ளே இருக்கிறது ராட்சசக் காந்தம். இரும்பு ஆகாது. சாவி, அரைஞாண் தாயத்து, கொண்டை ஊசின்னு ஒவ்வொண்ணாக் கழட்டச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வத்திப்போகும். பொன்னுச்சாமியிடம் அந்த வேலையே இல்லை. கதவைப் பார்த்ததும் செருப்பை விட்டார், பையை உதறினார், கையை விரிச்சு நின்னார். பீடி, தீப்பெட்டி இருக்கான்னு தடவிப் பார்க்கிற கம்பெனி கேட்டுன்னே நினைச்சிட்டார். அப்புறம் என் காலைப் பார்த்துப் போட்டார் ஒரு சத்தம்:

"ஏத்தா, செருப்போட வெடிமருந்து ரூமுக்குள்ள வர்றியே, கம்பெனியக் கொளுத்தப் பாக்கியா?"

மெஷின் சத்தம்

எம்.ஆர்.ஐ. மெஷின் டம டமன்னு இடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். காதில் பஞ்சு வச்சும் பிரயோசனமில்லை. முதல் இடியிலேயே மனுஷன் வழுக்கிக்கிட்டு வெளியே வந்துட்டார். "வெடிச்சிருச்சு, ஓடுங்கலே!"ன்னு கத்தி, முட்டி ஸ்கேனுக்கு வந்திருந்த பெரியவர் முதல் பில் போடுற பிள்ளை வரை அத்தனை பேரையும் ரோட்டுக்கு இழுத்து விட்டார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறுச்சு. ஸ்கேன் இல்லாட்டி ட்ரிப்ஸ் இல்லையே!

ரோட்டில் ஒவ்வொரு முகமாப் பார்த்தவர் திடுக்குன்னு திரும்பி, "அய்யோ, முத்தம்மா உள்ள இருக்கா!"ன்னு அலறிக்கிட்டு ஓடினார். உள்ளே அவரோட துண்டை மடிச்சுக்கிட்டிருந்த அந்தம்மா அப்படியே உட்கார்ந்துட்டாங்க. கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு.

"கேட்டீகளா தாயி? எம்பேரச் சொல்லிட்டாக! மருந்து வேல செய்யிது!"

மறுநாள், அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு அந்தம்மா கூடவே நிற்க, ஸ்கேன் நல்லபடியா முடிஞ்சது.

தலைவலி

அடுத்த தடவை வந்தப்போ அவர் தலையைச் சுத்தித் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. தைல வாசனை மூக்கைத் துளைச்சது. மூளை வீங்கினா தலை வலிக்கும்; அதனால தலைவலி உண்டான்னு கேட்டே ஆகணும், கேட்டேன். இல்லவே இல்லைன்னாங்க முத்தம்மாள். அப்ப இந்தக் கட்டு எதுக்குன்னேன். வெடிமருந்துப் பொடி ஏறின தலை அப்படித்தான் இருக்கும்னு ஒரே சாதிப்பு. அவர் கம்பெனிப் பக்கம் போயே வருஷக்கணக்காச்சு! வலின்னு சொன்னா ட்ரிப்ஸை நிறுத்திடுவாங்கன்னு பயம். அது எனக்குப் புரியாமலா?

"எங்கூர்ல மண்டவலி இல்லாதவுகளத்தான் தாயி ஆசுவத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

வெள்ளைத் திட்டு

அன்னிக்கு எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பின்மண்டைப் பக்கம் பஞ்சை அப்பினாப்போல வெள்ளைத் திட்டு. வீக்கம். எனக்கு இருப்புக் கொள்ளலை. மதுரைக்குப் படத்தை அனுப்பிட்டு, போன் வரும்வரை உள்ளுக்கும் வாசலுக்குமா நடந்தேன். டீயை வாங்கிக் குடிக்க மறந்தேன். முத்தம்மாள் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. டாக்டர் போனில் சொன்னார்: வீக்கம் வத்திடும், ஆனா இனிமே இவருக்கு அந்த மருந்து வேண்டாம்.

அதை நான் சொன்னதும் அந்தம்மா என் மேல பாஞ்சாங்க. இன்னொருக்க எடு, சரியா எடுன்னு கையைப் பிடிச்சு உலுக்கினாங்க. நானும் பொறுமையை விட்டுட்டேன். "யம்மா, ரத்தம் கசிஞ்சா ஆளே இருக்க மாட்டாரு!" அவங்க கையை விட்டாங்க. புருஷன் தலைக்கட்டை அவிழ்த்து, மெதுவா நெத்தியைத் தடவினாங்க. அவர் அந்நியரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"சரி தாயி, ஆளு இருக்கட்டும். நான் யாருன்னு தினமும் நானே சொல்லிக்கிடுதேன்."

உயிரைக் காப்பாத்திட்டீங்கன்னு டாக்டர் எனக்குப் போனில் நன்றி சொன்னார். அந்த நன்றியை முத்தம்மாள் முகத்தைப் பார்த்துக்கிட்டு வாங்கிக்கத்தான் எனக்குத் துணிச்சல் வரலை.