கழுவாத மண்கரண்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு மண்கரண்டி கிடக்கிறது. மரப்பிடி வெடித்து, நுனி தேய்ந்துபோன சின்னக் கரண்டி. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இனி அது எதற்கும் உதவாது. தூக்கிப் போடவும் கை வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்தேன். வேர்ப்பூஞ்சையால் புல் எவ்வளவு செழிக்கிறது என்பதுதான் என் ஆய்வு. இரண்டு வரிசைத் தொட்டிகளில் கொழுக்கட்டைப் புல்லை வைத்திருந்தேன். இரண்டிலும், உள்ளே எந்த உயிரும் மிஞ்சாதபடி ஆவியில் வேகவைத்த மண். ஒரு வரிசையில் மட்டும் பூஞ்சையைக் கலந்திருந்தேன். அது வேரோடு ஒட்டிக்கொண்டு, வேர் எட்டாத இடத்துச் சத்தையும் இழுத்துக் கொடுக்கும். அந்த வரிசை முழங்கால் உயரம் நின்றது. மற்றது வெளுத்துப்போய்ச் சாண் உயரத்தில் முடங்கிக் கிடந்தது.

தண்ணீர் ஊற்றப் பக்கத்து ஊரான தாமலிலிருந்து ஓர் அக்கா வருவார். கணவர் இல்லை. இந்தத் தினக்கூலியை நம்பித்தான் மகளைப் பிளஸ் டூ படிக்கவைத்துக்கொண்டிருந்தார். வெளுத்த தொட்டிகளைப் பார்த்தால் அவருக்கு மனசே ஆறாது. "எங்க ஊர்ல புல்லு பேத்து நட்டா, பழைய எடத்து மண்ணு ஒரு கை போடுவோம்மா. தாய்மண்ணு இல்லன்னா ஏங்கிப்பூடும்," என்பார். அந்தக் கைப்பிடி மண்ணில் இருப்பதும் இதே பூஞ்சைதான் என்று சொன்னேன். "அப்ப எனக்கும் பட்டம் குடுப்பாங்களா?" என்று சிரித்தார்.

ஒரு வரிசையைக் கிளறிய கரண்டியை ஸ்பிரிட் விட்டுக் கழுவாமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்பது என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் போட்ட சட்டம். ஒருநாள் ஐந்து மணி வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், கழுவாத கரண்டியாலேயே வெளுத்த வரிசையில் ஏழு தொட்டிகளைக் கிளறிவிட்டு ஓடினேன். அப்புறம் மறந்தும் போனேன். ஒன்றரை மாதத்தில் அந்த ஏழும் பச்சை பிடித்து எழுந்து நின்றன. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யார் இதுல கை வெச்சது?" என்று பேராசிரியர் கத்தினார். "அக்கா ஊர்ல தாய்மண் போடுவாங்களாம் சார்," என்றேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சே, எவ்வளவு சாமர்த்தியம்!

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னது வாஸ்தவம்தாங்கய்யா. ஆனா நான் போடல. தண்ணிதான் ஊத்திக்கினு இருந்தேன்." நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார் பேராசிரியர். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஆய்வை முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பார், என் ஒரு வருஷம் வீணாகியிருக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

போகும் முன்பு, கொட்டகையில் கிடந்த கரண்டியை எடுத்துக் குழாயடியில் கழுவினார். முந்தானையில் ஈரத்தைத் துடைத்து என் கையில் வைத்தார். "அஞ்சு மணி பஸ்ஸு பூடும். கெளம்பும்மா," என்றார். அன்றைக்கு நான் கழுவாமல் ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த ஏழு தொட்டிகளை ஒதுக்கிவிட்டுப் பட்டம் வாங்கினேன். இரண்டு முறை தாமலுக்குப் பஸ் ஏறி, அந்த ஊர் ஏரிக்கரை தெரிந்ததும் இறங்கித் திரும்பி வந்தேன். அவர் மகள் பரீட்சை எழுதினாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

கரண்டியில் ஒட்டிய மண்ணே போதும், பூஞ்சை தாவிவிடும் என்று இப்போது என் மாணவிகளை எச்சரிக்கிறேன். போன வாரம் ஒருத்தி, "நெஜமாவே அப்படி ஆயிருக்கா மேடம்?" என்று கேட்டாள். இழுப்பறையைத் திறந்து கரண்டியைக் காட்டினேன். "ஆயிருக்கு. ஒருத்தங்க கழுவாம விட்டுட்டாங்க."

"யாரு மேடம், தண்ணி ஊத்துறவங்களா?"

நான் இழுப்பறையைச் சாத்தினேன்.